மூன்றாவது ரிஜிஸ்டர்

1. திங்கட்கிழமை

1973 மார்ச் 12, திங்கட்கிழமை. காலை ஏழு பத்துக்குச் சரக்குக் கிட்டங்கியைத் திறந்தோம். சாம்பிள் மேஜையில் இருந்த தராசின் தட்டுகளைத் துடைத்து, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தேன். மூன்று ரிஜிஸ்டர்களிலும் தேதி எழுதினேன். ஏழரைக்கு சார்ட்டிங் பெண்கள் வந்தார்கள். இருபத்தெட்டுப் பேரும் ஆஜர். ஏழே முக்காலுக்கு பிரஸ் ஓடத் தொடங்கியது. ஒன்பதரைக்குள் ஆறு பேல்கள் கட்டி முடிந்தன. பத்து மணிக்கு 75, 80 ஆகிய எண்ணுள்ள இரண்டு பேல்களைத் திறந்து சாம்பிள் எடுத்தோம். பதினொன்று நாற்பதுக்கு மேனேஜர் வந்து கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேல்களையும் மறுபடி கட்டினோம்.

அன்றைய நாட்குறிப்பில் இதுவரை உள்ளவை எல்லா நாளும் எழுதுகிறவைதான். இதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு நான்கு பக்கங்கள் தேவைப்பட்டன. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு உதவும் என்று அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு நிலாவரை ஏற்றுமதிக் கம்பெனியில் குவாலிட்டி கிளார்க். நிலாவரை இலை வயிற்றைச் சுத்தப்படுத்தும் மருந்துச் சரக்கு. வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகள் அதை சென்னா என்ற பெயரில் வாங்கும். சாத்தான்குளம் பக்கமிருந்தும் கயத்தாற்றுக் கரிசலிலிருந்தும் காய்ந்த இலை சாக்குகளில் வரும். பெண்கள் அதைப் புடைத்து, காம்பும் நெற்றும் நீக்கி, தரம் பிரிப்பார்கள். பிறகு பிரஸ்ஸில் அழுத்திக் கோணியில் தைத்தால் பேல். பேல் வண்டியில் ஏறி, தோணிக்குப் போய், தோணி வெளியே நிற்கும் கப்பலுக்குக் கொண்டுசேர்க்கும். இலை முழுசாகப் போய்ச்சேர வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஒடிந்த இலையும் தூளும் இருந்தால் வாங்குபவர் திருப்பி அனுப்பலாம் என்பது ஒப்பந்தம்.

அன்று பதினொன்று நாற்பதுக்கு மேனேஜர் பொன்னையா அண்ணாச்சி வந்தபோது கையில் ஒரு விமானத் தபால் இருந்தது. தினமும் காலையில் ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசுக்குப் போய்விட்டு அதன்பிறகே கிட்டங்கிக்கு வருவார். இரண்டு கையெழுத்துகளையும் போட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

“வேய் நமச்சிவாயம், டிசம்பர்ல போன சரக்கு எத்தன பேலு?”

“அறுவது, அண்ணாச்சி.”

“அதுல பன்னெண்டு பேலு தூளாக் கெடக்காம். இன்னொரு மட்டம் இப்படி வந்தா வியாபாரமே வேண்டாம்னு எழுதிட்டான். நீரு எழுதி வச்சதுல என்ன இருக்கு?”

மூன்றாவது ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினேன். டிசம்பர் சரக்கில் நான் சோதித்த எந்த பேலிலும் ஒடிசல் நூற்றுக்கு நாலைத் தாண்டவில்லை.

“உம்ம நோட்டு சொக்கத்தங்கம். அங்க போய்த் தொறந்தா தூளு. அப்ப நடுவுல யாரோ கைய வைக்காங்க.” அவர் சார்ட்டிங் ஹால் பக்கம் பார்த்தார். “வியாழக்கிழம எம்பது பேலு தோணி ஏறணும். நாளைக்கே எல்லா பேலையும் தொறந்து பாரும். முன்ன பாத்த பேலையும் விடாதேயும். குத்தம் அங்கனதான்னு தெரிஞ்சா, வெள்ளிக்கிழம செல்லக்கனி கூட்டம் இங்க இருக்காது. வேற ஆளு சொல்லி வச்சாச்சு.”

செல்லக்கனி என்பவர் சார்ட்டிங் ஹாலின் தலைவி. இருபத்தெட்டுப் பெண்களையும் கூட்டிவந்தவர் அவர். பதினோரு வருடமாக அந்த ஹாலில் இருந்தார். நான் வந்து நாலு வருடம்.

2. ரிஜிஸ்டர்கள் வந்த விதம்

அந்த மூன்று ரிஜிஸ்டர்களையும் வடிவமைத்தவன் நான். எனக்கு முன்பு இருந்தவர் ஒரே ஒரு நோட்டில் “சரக்கு நன்று” என்று எழுதிவந்தார். சென்னையில் இருந்த முதலாளிக்கு அது போதவில்லை. முறையாக எழுத வேண்டும் என்று சொல்லி என்னை நியமித்தார்கள்.

முதலாவது, இலை வந்து இறங்கும்போது எழுதும் வரத்து ரிஜிஸ்டர். இரண்டாவது, பிரித்து முடித்ததும் எழுதும் தர ரிஜிஸ்டர். மூன்றாவது, கட்டிய பேலைத் திறந்து பார்த்து எழுதும் பேல் ரிஜிஸ்டர்; இதை டிசம்பர் சரக்கிலிருந்துதான் தொடங்கியிருந்தேன். மூன்றாவதில் பதினான்கு பத்திகள் உண்டு. பேல் எண், கட்டிய நேரம், பிரஸ் திருகிய எண்ணிக்கை, திறந்த நேரம், சாம்பிள் எடை, ஒடிசல், தூள் என்று போய், கடைசிப் பத்தி மேனேஜர் கையெழுத்து. கையெழுத்து விழாமல் பேலை மூடக்கூடாது. ஐந்துக்கு ஒன்று என்று திறப்போம். எதைத் திறப்பது என்று குழப்பம் வரக்கூடாது என்பதற்காக 5, 10, 15 என்றே எடுத்துவந்தேன். ஒழுங்காக இருக்கும், பிறகு தேடுவதும் சுலபம்.

ஒடிசல் கூடினால் காரணம் எழுதுவதற்கு ஒரு பத்தி இருந்தது. வரத்துக் குறை, சார்ட்டிங் குறை, சல்லடைக் குறை என்ற மூன்றில் ஒன்றை அடிக்கோடிட வேண்டும். நாலாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு ஏற்பாடும் என்னுடையதே. தினமும் மாலையில் ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும் சேர்ந்திருக்கும் ஒடிந்த இலையை நிறுத்து, அவள் பெயருக்கு நேரே எழுதுவோம். மாதக் கடைசியில் அதிகம் ஒடித்தவர் பெயரை மேனேஜர் வாசிப்பார். இதனால் கை பதமாகும் என்று எண்ணினோம். கொஞ்சம் பதமாகவும் செய்தது.

3. செவ்வாய்க்கிழமை

காலை ஏழரைக்கு பேல்களைத் திறக்கத் தொடங்கினோம். பிரஸ் மேஸ்திரி சூசையும் அவருடைய ஆட்கள் நாலு பேரும் தையலை வெட்டிக் கொடுக்க, நான் பேலின் நடுவில் முழங்கைவரை கையை விட்டு இலை எடுத்து, சலித்து, நிறுத்து எழுதினேன். முதலில், ஏற்கெனவே திறந்து பார்த்திருந்த பதினாறு பேல்களை எடுத்தோம். அவற்றில் முன்பு மூன்று, நாலு என்று பதிவானவை இப்போது எட்டு, ஒன்பது, பத்து என்று வந்தன. இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தேன். தராசில் பிழை இல்லை.

பிறகு, அதுவரை திறக்காத பேல்களை எடுத்தோம். மதியம்வரை இருபத்திரண்டு முடிந்தது. எதிலும் நாலைத் தாண்டவில்லை.

பொன்னையா அண்ணாச்சி வந்து இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. அவர் நினைத்த காரணத்தில் தவறு சொல்லவும் என்னால் அப்போது முடியவில்லை.

“தொறந்து கெடக்க பேலு ஒண்ணர மணி நேரம் அப்படியே கெடக்கு. சாயங்காலம் ஒடிசல் தன் பேர்ல ஏறிடும்னு, இந்தப் பொம்பளைக ஒடிஞ்ச எலைய மடில கட்டிட்டு வந்து அதுக்குள்ள தள்ளுதாளுக. தொறக்காத பேலுல தள்ள முடியாது. அதான் அதெல்லாம் நல்லா இருக்கு.”

செல்லக்கனியை அழைத்தார். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். பெண்கள் ஒடிந்த இலையைப் பேலுக்குள் போட்டதை ஒப்புக்கொள்வதாக அதில் எழுதியிருந்தது. எழுதியவன் நான், மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

“இதுல கைநாட்டு வையி. பாவம் பாத்து மத்தவளுகள்ல பாதிப் பேர வச்சுக்கிடுதேன்.”

“எனக்குக் கையெழுத்தே தெரியும் அண்ணாச்சி. அஞ்சாப்பு வர படிச்சிருக்கேன்.” தாளை வாங்கி நிதானமாக வாசித்தார். “இதுல எழுதியிருக்கதுல செல்லக்கனிங்கிற பேரு மட்டுந்தான் நெசம். மத்தது யாரு பாத்ததுன்னு போடலியே. யாரு பாத்தா?”

“யாரும் பாக்கல. நோட்டு சொல்லுது.”

“நோட்டுக்குக் கண்ணு எங்கன இருக்கு? கூட்டிட்டு வாங்க, நேர்ல கேட்டுக்கிடுதேன்.”

ஹாலுக்குள் யாரோ சிரித்தார்கள். மேனேஜரின் முகம் மாறியது. தாளை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், இன்னொரு ரிஜிஸ்டர் போடச் சொன்னார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு, வேலை முடிந்து போகும் பெண்கள் ஒவ்வொருவராக கேட் முன்னால் நின்று, மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்று எழுதினேன். பெயர், நேரம், கிடைத்தது என்று மூன்று பத்திகள். ஒருத்தியின் மடியில் வெற்றிலையும் பாக்கும் விழுந்தன. ஒருத்தியின் மடியில் பிள்ளைக்கு என்று வாங்கி வைத்திருந்த சீனி மிட்டாய். இசக்கியம்மாள் என்ற பெண் உதறிவிட்டு, “இன்னும் என்னத்த உதறணும்?” என்று கேட்டாள். மூன்றாவது பத்தியில் “ஒன்றுமில்லை” என்று இருபத்தெட்டு முறை எழுதினேன். கடைசியாகச் செல்லக்கனி வந்தார். அவரை உதறச் சொல்ல மேனேஜருக்கு வாய் வரவில்லை. அவரே உதறிக் காட்டிவிட்டு, “என் பேரையும் எழுதிக்கிடுங்க சார். விட்டுப்போச்சுன்னு நாளைக்கு ஒரு நோட்டு போடாண்டாம்” என்றார்.

எழுதினேன்.

4. கடிதத்தின் இரண்டாம் தாள்

எல்லோரும் போனபின் வெளிநாட்டுக் கடிதத்தைக் கோப்பில் சேர்க்க எடுத்தேன். எங்கள் ஆபீசில் புகார்க் கடிதங்களுக்கு ஒரு கோப்பு, பேல் எண்கள் உள்ள தாள்களுக்கு வேறு கோப்பு. அதுவும் நான் வகுத்ததே. அந்த முறைப்படி கடிதத்தோடு வந்த இரண்டாம் தாளை ஷிப்பிங் கோப்பில் போட வேண்டும். போடும்போதுதான் அதைப் படித்தேன்.

கெட்டுப்போன பன்னிரண்டு பேல்களின் எண்கள் வரிசையாக இருந்தன. 5, 10, 15, 20 என்று தொடங்கி 60 வரை. ஒன்றும் விடுபடவில்லை, வேறொன்றும் சேரவில்லை. மற்ற நாற்பத்தெட்டு பேல்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

அவை நான் திறந்த பேல்கள்.

மேனேஜர் இதைப் பார்த்தாலும் தம் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டார் என்று தெரிந்தது. திறந்து கிடந்தவற்றில்தானே தள்ள முடியும் என்பார். ஆனால் என்னால் ஒன்றை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு பேலில் ஒடிசல் நாலிலிருந்து ஒன்பதாக வேண்டும் என்றால் பல ராத்தல் ஒடிந்த இலையை அதன் நடுவில் கலக்க வேண்டும். மேலே தூவினால் போதாது. பன்னிரண்டு பேலுக்கும் அப்படிச் செய்ய, ஒரு மாதத்து ஒடிசல் முழுவதும் வேண்டியிருக்கும். அந்த ஒடிசலோ தினமும் மாலையில் நிறுத்து எழுதப்பட்டு, மூலையில் சாக்கில் கிடந்தது. என் கணக்குப்படியே அதில் குறைவு இல்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு சூசை மேஸ்திரியிடம் போனேன். அவர் திருகுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“மேஸ்திரி, மறுபடி கட்டுற பேலுக்கும் முதல் தடவ கட்டுற பேலுக்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா?”

“உண்டு. மொத மட்டம் திருகும்போது சத்தமே இருக்காது. சாம்பிள் எடுத்துட்டு மத்தியானம் திருகும்போது அப்பளத்த மிதிச்ச மாதிரி நொறுநொறுன்னு கேக்கும்.”

“எத்தன நாளா கேக்குது?”

“நீங்க தொறந்து பாக்க ஆரம்பிச்ச நாளுல இருந்து.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க எத்தன திருகுன்னுதான கேட்டீங்க. அத தெனமும் சரியாச் சொல்லிருக்கேன். சத்தத்துக்கு நோட்டுல எடம் இல்லைன்னு நெனச்சேன்.” எண்ணெய்க் குப்பியை மூடினார். “அதுவும் போக, அது ஆபீஸ் வேல. நாம சொன்னா எடுபடுமா?”

காலையில் கடல்காற்றின் ஈரத்தை வாங்கி இலை பதமாக இருக்கும். வெயில் ஏறினால் முறுகிவிடும். அதனால் ஒன்பதரைக்கு மேல் பேல் கட்டக்கூடாது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் அதை எழுதிவைக்கவில்லை. எனக்கும் தெரியும். ஆனால் சோதித்தபின் மறுபடி கட்டுவதைப் பேல் கட்டுவதாக நான் நினைக்கவே இல்லை. சோதனையின் கடைசிப் படி என்று நினைத்தேன். பத்து மணிக்குப் பேலைத் திறப்போம். மேனேஜரின் கையெழுத்துக்காக அது பதினொன்று நாற்பதுவரை திறந்து கிடக்கும். பன்னிரண்டுக்கு, நன்றாக முறுகிய இலையை இரண்டாம் தடவை அழுத்துவோம். நான் சாம்பிள் எடுத்தது அழுத்துவதற்கு முன்பு. ஒடிந்தது அதற்குப் பின்பு. ரிஜிஸ்டரில் நாலு என்றும் கப்பலில் ஒன்பது என்றும் இருந்ததற்கு வேறு காரணம் தேவையில்லை.

5. பூட்டு

மேனேஜர் அன்று எட்டரைக்கே வந்தார். மீதியிருந்த நாற்பத்திரண்டு பேல்களையும் திறக்க வேண்டும் என்று சொல்லவந்தார். நான் இரண்டு பேல் மட்டும் காட்ட அனுமதி கேட்டேன். காலையில் ஒரே குவியலிலிருந்து கட்டிய புது பேல்கள் இரண்டு. ஒன்றைத் திறக்காமல் வைப்பது. மற்றதைப் பத்து மணிக்கு வழக்கம்போலத் திறந்து, சாம்பிள் எடுத்து, சாம்பிள் அறையில் வைத்துப் பூட்டுவது. சாவி அவரிடம் இருக்கட்டும்.

“எதுக்கு வேய் இதெல்லாம்?”

“யாரும் தொடாம இருந்தும் ஒடிஞ்சா, யாரும் தள்ளலன்னு ஆகும் அண்ணாச்சி.”

ஒத்துக்கொண்டார். பத்து மணிக்கு அவர் முன்னாலேயே திறந்து சலித்தேன். மூன்று. அவர் தம் மேஜை டிராயரின் பூட்டைக் கழற்றி வந்து சாம்பிள் அறைக் கதவில் போட்டார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். ஹாலில் செல்லக்கனியின் குரல் கேட்டது.

“ஏளா, பாத்தியா. சென்னா எலைக்கு ஜெயிலு. சாமான்யக் குத்தமா பண்ணிருக்கு.”

மேனேஜர் கேட்காததுபோல ஷிப்பிங் ஆபீசுக்குப் போனார். பதினொன்று நாற்பதுக்குத் திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். பேல் பிரஸ்ஸில் ஏறியது. சூசை மேஸ்திரி திருகத் தொடங்கினார். மூன்றாவது திருகில் அந்தச் சத்தம் வந்தது. எல்லோரும் பேசாமல் இருந்ததால் நன்றாகவே கேட்டது. மேனேஜர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பிறகு மறுபடி திருகச் சொன்னார். மறுபடியும் கேட்டது.

இரண்டு பேல்களையும் திறந்தோம். காலையிலிருந்து மூடியே இருந்தது மூன்று. பூட்டிவைத்துக் கையெழுத்து வாங்கியது ஒன்பது.

அவர் தட்டில் இருந்த தூளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப நான் போட்ட கையெழுத்துதான் எலைய ஒடிச்சுதா?”

“கையெழுத்துக்காகக் காத்துக் கெடந்த நேரம் அண்ணாச்சி. அந்தப் பத்திய வச்சது நான்.”

“முதலாளிகிட்ட என்னன்னு சொல்ல? தரம் பாக்கேன், தரம் பாக்கேன்னு சரக்கத் தரங்கெடுத்துட்டோம்னா?”

“அப்படித்தான் சொல்லணும்.”

“யாரு சொல்ல?”

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொன்னேன் என்று எழுதினால் அது உண்மை இல்லை. அந்த ஜூனில் என்னை சூப்பர்வைசர் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். நாட்குறிப்பில் “சிறிது நேரம் கழித்து” என்று எழுதியிருக்கிறேன். சிறிது நேரம் கழித்து, என் பெயரிலேயே கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன்.

“எழுதும்,” என்றார். சட்டைப்பையில் இருந்த மடித்த தாளை எடுத்து, நாலாகக் கிழித்து, ஒடிசல் சாக்கில் போட்டார். செல்லக்கனியிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. ஹாலைக் கடந்து போகும்போது மட்டும் ஒரு நிமிடம் நின்று, “வேலையப் பாருங்க” என்றார். அங்கே எல்லோரும் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

6. வியாழக்கிழமை

எண்பது பேல்களில் நாற்பத்திரண்டு மட்டும் தோணி ஏறின. திறந்து பார்த்த முப்பத்தெட்டை நிறுத்திவைத்துப் பிரித்தோம். முழு இலையைத் தனியாக எடுத்து மறுபடி சலிக்க ஒன்பது நாட்கள் பிடித்தன. முதலாளிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். முதல் வாக்கியம், “பேல் ரிஜிஸ்டரின் அமைப்பே இக்குறைக்குக் காரணம், அதை அமைத்தவன் நான்.” அவர் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. சூப்பர்வைசர் ஆக்கவும் இல்லை.

புதிய முறையில், பேல் கட்டும் முன், பிரஸ்ஸின் வாயிலேயே குவியலிலிருந்து சாம்பிள் எடுத்தோம். செல்லக்கனியும் நானும் பார்த்து, ஒரு சீட்டில் இருவரும் கையெழுத்துப் போடுவோம். கட்டிய பேலைத் திறப்பதில்லை. மூன்று ரிஜிஸ்டர்களும் ஒன்றாயின. பதினான்கு பத்திகள் ஐந்தாயின. மேனேஜர் வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று ஆனது. அதன்பின் போன சரக்கில் ஒடிசல் பற்றிப் புகார் வரவில்லை.

இளையவர்கள் கேட்பதுண்டு, ஒரு படிவம் நல்லதா என்று எப்படித் தெரியும் என்று. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதை நிரப்புகிற நேரத்தில் சரக்கு எங்கே, எந்த நிலையில் காத்துக்கிடக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். காரணம் எழுதும் பத்தி வைத்தால், சோதிக்கிறவனையும் அதில் ஒரு காரணமாகச் சேர்க்க வேண்டும். சரக்கைக் கையால் தொடுகிறவர் சொல்ல நினைப்பதற்கு இடம் விட வேண்டும். தாள், மை, ஆள், நேரம் எல்லாம் செலவுதான். அவற்றை எப்படியும் எண்ணிவிடலாம். எண்ணாமல் விடுகிற செலவு ஒன்று உண்டு. அதை அந்த வியாழக்கிழமை மாலைதான் தெரிந்துகொண்டேன்.

ஆஜர் எடுக்கும்போது புதன்கிழமை இருபத்தைந்தும் வியாழக்கிழமை இருபத்தொன்றும் இருந்தன. வேலை நெருக்கடியில் எண்ணை எழுதினேனே தவிர யோசிக்கவில்லை. மாலையில் செல்லக்கனியிடம் கேட்டேன்.

“ஏழு பேரு உப்பளத்துக்குப் போயிட்டாளுக சார். இப்பதான் அங்க உப்பு வாருறதுக்கு ஆளு எடுக்காங்க. வெயில்ல நின்னாலும் மடிய உதறச் சொல்ல மாட்டாங்கன்னு போயிட்டாளுக.”

“நீங்க சொன்னா வருவாங்களா?”

“நான் எப்படிச் சொல்லுவேன்? நான் கூட்டிட்டு வந்த எடத்துலதான அவளுகளுக்கு அப்படி ஆச்சு. என் மொகத்தப் பாக்கவே கூசுதாளுக. எனக்கும் அப்படித்தான் இருக்கு.”

“பொன்னையா அண்ணாச்சிகிட்ட சொல்லட்டுமா?”

“சொல்லுங்க. சொல்லிட்டு நீங்களும் உப்பளத்துக்குப் போய் அவளுகளப் பாருங்க.”

மேனேஜரிடம் சொன்னேன். ஏழு பேருக்கும் பழைய இடம் இருக்கிறது, கேட்டில் சோதனை இனி இல்லை என்று சொல்லச் சொன்னார். நீங்களும் வரலாமே என்றேன். தோணிக் காகிதம் இருக்கிறது என்றார்.

7. வெள்ளிக்கிழமை, முதல் வேலை

மார்ச் 16. முதல் வேலையாக, கிட்டங்கிக்குப் போகாமல், ஐந்தே முக்காலுக்கு சைக்கிளில் உப்பளத்துக்குப் போனேன். ஏழு பேரும் ஒரே பாத்தி வரிசையில் இருந்தார்கள். வரப்பில் நின்று, மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். புதிய முறையையும் சொன்னேன். அவர்கள் பலகையை நிறுத்தாமல் உப்பை இழுத்தபடியே கேட்டார்கள்.

“குத்தம் யாருதுன்னு ஆச்சு?” என்று இசக்கியம்மாள் கேட்டாள்.

“என்னுது. மறுபடி கட்டுனதுல ஒடிஞ்சது. முதலாளிக்கு அப்படித்தான் எழுதிருக்கேன்.”

“அது கடுதாசில. எங்கள நிப்பாட்டி உதறச் சொன்னது கேட்டுல, ரோட்டுல போறவன் எல்லாம் பாக்க. அண்ணாச்சி வரலியா?”

“வரல. நான் வந்திருக்கேன்.”

“நீரு எழுதுனவரு. சொன்னவரு வரட்டும்.”

அவள் திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவளும் அவளோடு சேர்ந்து திரும்பிக்கொண்டாள். மற்ற ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ஐந்து பேரும் பலகைகளைச் சாய்த்து வைத்துவிட்டு, வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு வரப்பில் ஏறினார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர்களோடு நடந்தேன்.